சொட்டுக் கணக்கு... உயிர்க் கணக்கு!

கணக்குக்கு பயந்து நர்சிங் பக்கம் வந்தவங்களா நீங்க? இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்!

‘‘மேத்ஸ்னாலே எனக்கு அலர்ஜி. அதனாலதான் பிளஸ் டூவுல ப்யூர் சயின்ஸ் குரூப்... அப்புறம் நர்சிங்!’’

இந்த டயலாக்கை உங்கள் வகுப்பில் பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். அதில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். கணக்கிடமிருந்து தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் ஃபர்ஸ்ட் இயரில் யூனிஃபார்ம் மாட்டியிருப்பீர்கள். ஆனால், முதல் வார்டு போஸ்டிங்கில்தான் விஷயம் தெரியும். உங்களுக்கு முன்னாடியே கணக்கு அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது! சொட்டு, யூனிட், மில்லிகிராம் என்று மாறுவேஷத்தில்.

இதில் ஒரு ஜோக் வேறு. நர்ஸ்கள் எல்லோரும் கொண்டாடுகிற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், அசல் கணக்குப் புலி! கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தால் செத்ததைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்ததுதான் அதிகம் என்பதை வண்ண வண்ண வரைபடம் போட்டு நிரூபித்தவர். 1858-ல் லண்டன் புள்ளியியல் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண்மணி. ஆக, விளக்கு ஏந்திய அந்தக் கையில் பென்சிலும் இருந்தது!

சரி, கணக்கு எங்கே ரொம்ப முக்கியம்? எல்லா வார்டிலும்தான். ஆனால், ரத்தக்குழாயும் மூளையும் சம்பந்தப்பட்ட நோய்களில் அது கழுத்தில் கத்தி மாதிரி. மருந்து குறைந்தால் அடைப்பு நீங்காது. கூடினால் ரத்தம் நிற்காது. நடுவில் இருப்பது ஒரு குட்டிக் கோடு. அந்தக் கோட்டில் நிற்பது... நீங்கள்!

வாங்க, ஒரு நைட் டூட்டி பார்த்துட்டு வரலாம்.

இரவு 9.40: வாய் கோணிய பெரியவர்

ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். வலது கை தொங்குகிறது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. பேச முயல்கிறார், குழறுகிறது. கூட வந்த மகள், ‘‘சிஸ்டர், அப்பாவுக்கு என்னாச்சு சிஸ்டர்?’’ என்று உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘‘கடைசியா எத்தனை மணிக்கு அவர் நல்லா இருந்ததைப் பார்த்தீங்க?’’

‘எப்போ கண்டுபிடிச்சீங்க’ இல்லை. ‘கடைசியா எப்போ நல்லா இருந்தார்’. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ‘‘எட்டேகாலுக்கு என்கூட உட்கார்ந்து சாப்பிட்டார்’’ என்கிறார் மகள். அந்த எட்டேகாலைப் பெரிய எழுத்தில் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். மூளை ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தை, வழக்கமாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்தால், ஒரு நிமிஷத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006-ல் கணக்குப் போட்டுச் சொன்னார் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர். நீங்கள் பேனா தேடுகிற நேரத்துக்கும் விலை உண்டு!

உடனே விரல் நுனியில் குத்தி சுகர் பாருங்கள். சுகர் ரொம்பக் குறைந்தாலும் பக்கவாதம் மாதிரியே வேஷம் போடும். பி.பி. பாருங்கள். சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புங்கள். ரத்தம் அடைத்திருக்கிறதா, கசிந்திருக்கிறதா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். கசிவு என்றால் இந்த மருந்தைத் தொடவே கூடாது.

இன்னொண்ணு... ‘‘தொண்டை காயுதாம், ஒரு வாய் காபி கொடுக்கட்டுமா?’’ என்று பாசத்தோடு டம்ளரை நீட்டுவார் ஒரு சொந்தக்காரர். முழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும்வரை தண்ணீர்கூடக் கூடாது. முழுங்கும் தசை செயலிழந்திருந்தால் காபி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். பாசத்தைத் தடுக்கிற வில்லி வேலையும் நம்ம வேலைதான்!

ஸ்கேன் வந்தாச்சு. கசிவு இல்லை, அடைப்புதான். டாக்டர் சொல்கிறார்: ‘‘ஆல்டிபிளேஸ் ரெடி பண்ணுங்க.’’

இப்போ கணக்கு.

ஒரு கிலோ எடைக்கு 0.9 மில்லிகிராம். நோயாளி 60 கிலோ என்றால், 60 × 0.9 = 54 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு, 5.4 மில்லிகிராம், முதல் ஒரு நிமிஷத்தில் ஊசியாக. மிச்சம் 48.6 மில்லிகிராம், அடுத்த ஒரு மணி நேரத்தில் பம்ப் வழியாக. கலக்கிய மருந்தில் 1 மில்லி லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால், பம்ப்பில் மணிக்கு 48.6 மில்லி லிட்டர் என்று வைக்க வேண்டும்.

ஆள் 110 கிலோ என்றால்? 99 வருகிறது. ஆனால் கொடுக்கக் கூடாது. பக்கவாதத்துக்கு உச்ச அளவு 90-தான். இதே மருந்து மாரடைப்புக்கு 100 மில்லிகிராம் வரை போகும். அதனால், ‘போன வாரம் ஹார்ட் பேஷன்ட்டுக்கு இப்படித்தானே போட்டோம்’ என்ற ஞாபகம் இங்கே எதிரி. இப்போது டெனெக்டிபிளேஸ் என்ற மருந்தை ஒரே ஊசியாகப் போடுவதும் உண்டு. அதன் அளவு முழுக்க வேறு. மருந்து மாறினால் கணக்கும் மாறும்.

எல்லாம் சரி, அந்த 60 கிலோ எங்கிருந்து வந்தது? எழுந்து நிற்க முடியாத மனிதரை எப்படி எடை பார்த்தீர்கள்? எடை பார்க்கும் கட்டில் இருந்தால் பிரச்னையில்லை. இல்லாத இடத்தில், மகள் ‘‘எழுபது இருக்கும்’’ என்பார். தம்பி ‘‘அறுபதுதான்’’ என்பார். இந்த 10 கிலோவில் 9 மில்லிகிராம் ஏறி இறங்கும். ‘‘சுகர் மாத்திரை வாங்குற நோட்டு இருக்கா?’’ என்று கேளுங்கள். போன மாதம் பார்த்த எடை அதில் எழுதியிருக்கலாம். ஃபார்முலா சரியாகவே இருந்தாலும், உள்ளே போடுகிற எண் தப்பானால் விடை தப்புதான்.

36 தடவை எட்டிப் பாருங்கள்

மருந்து ஏறத் தொடங்கியதும் ‘அப்பாடா’ என்று உட்கார முடியாது. முதல் 2 மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அதன்பின் 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு தடவை பி.பி.யும் நினைவு நிலையும் பார்க்க வேண்டும். 8 + 12 + 16 = 36 தடவை! பி.பி. 180/105-ஐத் தாண்டக் கூடாது.

நினைவு நிலையை அளக்க கிளாஸ்கோ ஸ்கேல். 1974-ல் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் கிளாஸ்கோ நகரில் உருவாக்கியது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தம் 15, குறைந்தபட்சம் 3. இதில் ஒரு பொறி இருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சு போன ஒருவர் முழு விழிப்போடு இருந்தும் பேச்சுக்கு 1-தான் வாங்குவார். மொத்தம் 11! வெறும் ‘11’ என்று எழுதினால், அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் அவரை அரை மயக்கம் என்று நினைப்பார். கண் 4, பேச்சு 1, அசைவு 6 என்று தனித்தனியாக எழுதுங்கள்.

திடீர் தலைவலி, வாந்தி, பி.பி. எகிறுதல், மார்க் இறங்குதல்... எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். மூளைக்குள் ரத்தம் கசிகிறதோ என்ற சந்தேகம் அது.

இரவு 11.30: வீங்கிய கால்

அடுத்த கட்டில். இடுப்பு எலும்பு முறிந்து பல நாள் படுக்கையில் இருந்த அம்மா. இடது கெண்டைக்கால் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது. ஆழமான சிரையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. ‘‘கொஞ்சம் தைலம் போட்டு உருவி விடட்டுமா?’’ என்று கேட்பார் மருமகள். கூடவே கூடாது! கட்டி நழுவி நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

டாக்டர் எழுதுவது ஹெப்பாரின். உங்களுக்கு ஒரு குட்டிச் செய்தி: 1916-ல் இந்த மருந்தின் கண்டுபிடிப்புக்கு முதல் புள்ளி வைத்தவர் ஜே மெக்லீன். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஆமாம், உங்களை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்!

அம்மா 50 கிலோ. பரவலாகப் பயன்படும் கணக்கு இது: முதல் டோஸ் கிலோவுக்கு 80 யூனிட், 4,000 யூனிட். அப்புறம் கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட், அதாவது மணிக்கு 900 யூனிட். 500 மில்லி லிட்டர் சலைனில் 25,000 யூனிட் கலந்தால், 1 மில்லி லிட்டரில் 50 யூனிட். 900 ÷ 50 = 18. ஆக, மணிக்கு 18 மில்லி லிட்டர். அதே மருந்தை 250 மில்லி லிட்டரில் கலந்திருந்தால் 9 போதும்.

ஈஸியா இருக்கா? இப்போ மூன்று குழிகளைக் காட்டுகிறேன்.

முதல் குழி, குப்பி. ஹெப்பாரின் 5 மில்லி லிட்டர் குப்பியில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் மில்லி லிட்டருக்கு 1,000 யூனிட். இன்னொன்றில் 5,000 யூனிட். சைஸ் ஒன்றுதான். 4,000 யூனிட்டுக்கு முதல் குப்பியில் 4 மில்லி லிட்டர் எடுக்க வேண்டும், இரண்டாவதில் 0.8 போதும். குப்பியை மாற்றி எடுத்து 4 மில்லி லிட்டர் ஏற்றினால்? 20,000 யூனிட். ஐந்து மடங்கு!

இரண்டாவது குழி, ஐ.வி. செட். பம்ப் இல்லாத வார்டில் சொட்டு எண்ண வேண்டும். மைக்ரோ செட்டில் 60 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி லிட்டர். அதனால் மணிக்கு 18 மில்லி லிட்டர் என்றால் நிமிஷத்துக்கு 18 சொட்டு. அருமையான ஷார்ட்கட்! ஆனால் சாதாரண செட்டில் 20 சொட்டே 1 மில்லி லிட்டர். அந்த செட்டை மாட்டிவிட்டு அதே 18 சொட்டு வைத்தால், மணிக்கு 54 மில்லி லிட்டர் இறங்கும். மூன்று மடங்கு! செட் கவரில் எத்தனை சொட்டு என்று அச்சடித்திருக்கும். கவரைத் தூக்கிப் போடும் முன் படியுங்கள்.

மூன்றாவது குழி, கையெழுத்து. ‘யூனிட்’ என்பதற்கு பதில் ஆங்கில ‘யூ’ எழுத்தை மட்டும் கிறுக்கினால் அது பூஜ்யம் மாதிரி தெரியும். ஒரு பூஜ்யம், பத்து மடங்கு. 5 என்பதை 5.0 என்று எழுதாதீர்கள். புள்ளி மறைந்தால் 50. அரை என்பதை வெறும் .5 என்று எழுதாதீர்கள், 0.5 என்று எழுதுங்கள்.

‘இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா’ என்று நினைக்கிறீர்களா? 2007 நவம்பரில் ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் க்வாய்டின் இரட்டைக் குழந்தைகளுக்கு நடந்தது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஐ.வி. குழாய் அடைக்காமலிருக்க மில்லி லிட்டருக்கு 10 யூனிட் உள்ள ஹெப்பாரின் போட வேண்டும். போட்டதோ 10,000 யூனிட் குப்பியிலிருந்து. ஆயிரம் மடங்கு! இரண்டு குப்பியிலும் லேபிள் நீல நிறம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. நல்லவேளை, குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். பணம், புகழ், அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரி... எதுவும் அந்தத் தவறைத் தடுக்கவில்லை. குப்பியைப் படித்திருந்தால் தடுத்திருக்கலாம்.

இரவு 2.00: கையில் வாட்ச், கண்ணில் சொட்டு

பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் போய் விழுந்த இளைஞர். மூளை வீக்கம். வீக்கம் கூடினால் உடம்பு மூன்று சிக்னல் கொடுக்கும்: பி.பி. ஏறும், நாடி இறங்கும், மூச்சு தாறுமாறாகும். ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரிந்தால் இன்னும் மோசம். தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தி, கழுத்து மடங்காமல் நேராக வைத்திருக்கிறீர்கள்.

டாக்டர் சொல்வது மானிட்டால், கிலோவுக்கு அரை கிராம், அரை மணி நேரத்தில். 60 கிலோவுக்கு 30 கிராம். பாட்டிலில் 20 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அதாவது 100 மில்லி லிட்டரில் 20 கிராம். அப்போ 30 கிராமுக்கு 150 மில்லி லிட்டர். சாதாரண செட்: 150 × 20 ÷ 30 = நிமிஷத்துக்கு 100 சொட்டு. நூறை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 15 விநாடிக்கு 25 சொட்டு விழுகிறதா என்று பாருங்கள்.

பாட்டிலை மாட்டும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். மானிட்டால் குளிரில் கல்கண்டு மாதிரி உறையும். அதை அப்படியே ஏற்றக் கூடாது. ஏறிய பிறகு, எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து எழுத மறக்காதீர்கள்.

‘சிஸ்டர், ஒரு நிமிஷம்...’

இப்போ முக்கியமான மேட்டருக்கு வருவோம். கணக்கைவிட கஷ்டமான ஒன்று இருக்கிறது. வாயைத் திறப்பது!

நீங்கள் ஸ்டூடன்ட். அவர் இருபது வருஷ சீனியர். மருந்தை எடுத்துவிட்டார். உங்கள் மனக்கணக்கில் வேறு விடை வருகிறது. ‘நமக்குத்தான் மேத்ஸ் வராதே, நம்மதுதான் தப்பா இருக்கும்’ என்று வாயை மூடிக்கொள்வீர்கள். அங்கேதான் ஆபத்து.

‘‘சிஸ்டர், எனக்கு 18 வருது. நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்... எனக்குக் கத்துக்கிட்ட மாதிரி இருக்கும்.’’ இவ்வளவுதான். மரியாதையும் போகாது, உயிரும் போகாது.

அதேபோல, உங்கள் கணக்கை இன்னொருவரிடம் சரிபார்க்கும்போது, ‘‘18 கரெக்ட்தானே சிஸ்டர்?’’ என்று கேட்காதீர்கள். நைட் டூட்டி அசதியில் எல்லோரும் ‘‘ம்’’ என்றுதான் சொல்வார்கள். விடையைச் சொல்லாமல், டாக்டரின் ஆர்டரையும் குப்பியையும் கொடுத்து அவரைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு விடையும் ஒன்றானால் மட்டும் மருந்து. அதுதான் நிஜமான டபுள் செக்.

கணக்குக்கு முன்னால் ஒரு குத்துமதிப்பும் வேண்டும். ‘இது ஒரு ஆம்பூலா, அரை ஆம்பூலா?’ என்று மனசு முதலில் சொல்லட்டும். விடையில் பத்து ஆம்பூல் உடைக்க வேண்டியிருந்தால் நில்லுங்கள், கேளுங்கள். ஆனால், பத்து என்றாலே தப்பு என்றும் இல்லை. நிற்காத வலிப்புக்கு ஃபெனிடாயின் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதினால், 50 கிலோ ஆளுக்கு 1,000 மில்லிகிராம். 100 மில்லிகிராம் ஆம்பூலில் பத்து! அது சரியான விடை. அதையும் நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும், குளுக்கோஸில் அல்ல. நிமிஷத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், குறைந்தது 20 நிமிஷம் எடுத்துக்கொண்டு, மானிட்டரில் இதயத் துடிப்பைப் பார்த்தபடி ஏற்ற வேண்டும். கேட்டதால் ஒன்றும் குறையவில்லை. தெரிந்துகொண்டீர்கள், அவ்வளவுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் தப்பு நடந்துவிட்டால்? உடனே சொல்லுங்கள். திட்டு விழும். மெமோ வரலாம். ஹாஸ்டலில் ராத்திரி முழுக்க அழுவீர்கள். ஆனால், ஹெப்பாரின் கூடிவிட்டால் அதை முறிக்க புரோட்டமின் என்ற மருந்து இருக்கிறது. அது வேலை செய்ய வேண்டுமானால், ஹெப்பாரின் கூடியது டாக்டருக்குத் தெரிய வேண்டும். தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருக்கும்போது, நீங்கள் சும்மா இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த அம்மாவுக்கு ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

இங்கே சொன்ன அளவுகள் எல்லாம் கணக்கைப் புரிந்துகொள்ள மட்டும். வார்டில் டாக்டர் எழுதியதும், உங்கள் ஆஸ்பத்திரி நடைமுறையுமே சட்டம்.

காலை 7 மணி. ஷிஃப்ட் முடிகிறது. அந்தப் பெரியவர் வலது கைவிரலை லேசாக அசைக்கிறார். மகள் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். 54, 5.4, 48.6 என்ற எண்களெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்!

இனி யாராவது ‘‘நர்சிங்கா? அதுல மேத்ஸ் கிடையாதுல்ல?’’ என்று கேட்டால், என்ன சொல்வீங்க?

வேற டிபார்ட்மென்ட்டா? நீங்களும் படிங்க!

என்ஜினீயரிங், ஆர்ட்ஸ், சட்டம்... எந்த காலேஜாக இருந்தாலும் வீட்டில் அப்பா, தாத்தா இருக்கிறார்கள் அல்லவா? பக்கவாதத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும்.

* சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா?
* இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்குகிறதா?
* ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். குழறுகிறதா?

ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ‘காலைல பாத்துக்கலாம்’ என்று படுக்க வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் அந்த சிஸ்டர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு உங்களிடம்தான் பதில் இருக்கிறது!